பாம்புக்கடி முதல் சர்க்கரை வரை... செல்போன் சொல்லும் வைத்தியத்தில் எதை நம்புவது?

இரவில் மடை திறந்துவிடப் போகிறவர்களின் கையில் முன்பெல்லாம் மண்வெட்டியும் டார்ச் லைட்டும் இருக்கும். இப்போது பலருக்குச் செல்போனே டார்ச் லைட். வரப்பில் நடக்கும்போது காலில் சுருக்கென்று ஏதோ பட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்தால் புல்லுக்குள் ஒரு வால் மறைகிறது. அந்த நேரத்தில் அதே செல்போனில் ‘பாம்புக்கடிக்கு மருந்து’ என்று தேடினால் என்ன வரும்? சிறியாநங்கை இலையை மென்று தின்னச் சொல்லும் வீடியோ, கடிவாயில் கல்லை ஒட்டவைக்கும் வீடியோ, ‘நாஜா 200’ என்ற ஹோமியோபதி மருந்தை நாக்கில் விட்டால் போதும் என்று பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் செய்தி. இவற்றுக்கு நடுவே எங்கேயோ ஓர் அரசு மருத்துவரின் பேச்சு. நான்கும் ஒரே அளவில், ஒரே மாதிரிதான் தெரியும். எது சரி என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரம் இருக்காது.

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நடந்தவை. இறந்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் மருத்துவமனைக்கு வெளியே உயிர்விட்டவர்கள் என்று 2011ல் வந்த இன்னோர் ஆய்வு சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2017ல் பாம்புக்கடியை ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இதை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் கணக்குக் கொடுத்தாக வேண்டும்.

மருந்து இல்லாமல் இத்தனை பேர் சாகவில்லை. மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. கடிபட்டவரை அங்கே போகவிடாமல் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் பிடித்துவைக்கும் தவறான யோசனைதான் பல வீடுகளில் எமனாகிறது.

பச்சிலை வீடியோவில் பிழைத்தவர் எப்படிப் பிழைத்தார்?

“எங்க ஊர் வைத்தியர் எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கார்” என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். வீடியோவில் வந்து நன்றி சொல்பவரும் உண்மையிலேயே பாம்பு கடித்துப் பிழைத்தவராக இருக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நடக்கும் பாம்புக்கடிகளில் 70 சதவிகிதம் விஷமில்லாத பாம்புகளின் கடி என்கிறது மத்திய அரசின் சிகிச்சை வழிகாட்டி. சாரைப் பாம்பும் தண்ணீர்ப் பாம்பும் கடிக்கும், ரத்தம் வரும், உயிர் போகாது. மீதி 30 சதவிகிதத்திலும் ஏறத்தாழ பாதிக் கடிகளில் விஷம் உடம்புக்குள் இறங்குவதில்லை. பாம்பு சும்மா பல்லைப் பதித்துவிட்டு விலகிவிடும். ஒரு வைத்தியரிடம் பத்துப் பேர் வருவதாக வைத்துக்கொள்ளலாம். ஏழு பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பு. மூன்று பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் விஷம் ஏறியிருக்கும். பச்சிலை கொடுத்தாலும், மந்திரித்தாலும், வெறும் பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் எட்டுப் பேர் நடந்து வீட்டுக்குப் போவார்கள். அந்த எட்டுப் பேரும் ஊர் முழுக்கச் சொல்வார்கள். மற்ற இருவர் வந்து பேச முடியாது. ‘விதி முடிந்துவிட்டது’ என்று அவர்கள் கணக்கு அதோடு மூடப்படும்.

விவசாயிக்கு இது புதிய பாடம் இல்லை. புதிதாக ஒரு கரைசலை அடித்த மறுவாரம் அசுவினி குறைந்துவிட்டால், அனுபவசாலி உடனே அதைக் கொண்டாடிவிட மாட்டார். நடுவில் பெய்த மழையில் பூச்சி அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று யோசிப்பார். அதற்காகத்தான் நான்கு வரிசையைக் கரைசல் அடிக்காமல் விட்டுவைப்பது. விட்டுவைத்த வரிசையிலும் பூச்சி குறைந்திருந்தால், பெருமை மழைக்குத்தான் போய்ச் சேரும். செல்போனில் வரும் எந்த வைத்தியத்தைப் பார்த்தாலும் இதே கேள்வியைக் கேட்கலாம். ‘இதைச் செய்யாமல் விட்டிருந்தால் இவர் என்ன ஆகியிருப்பார்?’ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வீடியோக்கள் மிகக் குறைவு.

வேப்பிலையை மென்று, கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டும் பழக்கமும் இந்த ரகம்தான். கசப்பு தெரிவதற்கும் விஷத்துக்கும் சம்பந்தமில்லை. கட்டுவிரியன் கடித்தவருக்கு வேப்பிலை நன்றாகவே கசக்கும். விடிவதற்குள் மூச்சு நின்றுவிடலாம்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் உயிரைப் பறிக்கும் கடிகள் பெரும்பாலும் நான்கு பாம்புகளுடையவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். முதல் இரண்டின் விஷம் நரம்பைத் தாக்கும். கண் இமை தானாகத் தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும். விரியன்களின் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். ஈறு, கடிவாய், சிறுநீர் என்று ரத்தம் கசியும். கண்ணாடிவிரியன் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

இவற்றில் கட்டுவிரியன் தனி ரகம். இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்திருப்பார். இரவு சாப்பிட்ட சாப்பாட்டின் மீது பழி விழும். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே நினைத்துக் கிளம்பிவிட வேண்டும்.

முதலுதவி மிக எளிது. எளிதாக இருப்பதாலேயே யாரும் நம்புவதில்லை. கடிபட்டவரை ஓடவிடாமல், நடக்கவிடாமல் உட்கார அல்லது படுக்க வைக்க வேண்டும். எலும்பு முறிந்தால் அசையாமல் கட்டுவது போல, குச்சி அல்லது மட்டையை வைத்து அந்தக் கை, காலைத் தளர்வாகக் கட்டலாம். மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் கயிறு போன்றவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். வாந்தி எடுத்தால் இடது பக்கமாகத் திரும்பிப் படுக்க வைக்க வேண்டும். பிறகு வண்டிதான். 108 வருவதற்குத் தாமதமாகும் ஊர்களில் மோட்டார் சைக்கிளே போதும். ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்காரவைத்து அழைத்துப் போகலாம்.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது கூடாது. விரியன் கடியில் அந்தக் கட்டுக்குக் கீழே சதை அழுகி, காலையே எடுக்க வேண்டி வரலாம். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால், வழியில் அவசரமாக அவிழ்க்கவும் கூடாது. டாக்டர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, சாராயம் கொடுப்பது எல்லாமே கெடுதல்தான். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. அதைத் துரத்தப் போய் இரண்டாவது ஆள் கடிபடுவதுதான் நடக்கிறது. தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் எடுக்கலாம். இல்லாவிட்டாலும் டாக்டர்கள் அறிகுறியை வைத்தே சிகிச்சை செய்வார்கள்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி ஊசி இருக்கிறதா, இரவில் யார் இருப்பார்கள், அங்கே இல்லையென்றால் அடுத்த மருத்துவமனை எது என்பதை இன்றே கேட்டு வைத்துக்கொள்வது, நூறு வீடியோ பார்ப்பதைவிட மேல்.

மருத்துவமனையில் ஏன் உடனே ஊசி போடுவதில்லை?

பாம்புக்கடி என்று போனவருக்கு ஊசி போடாமல் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று சண்டை நடக்காத அரசு மருத்துவமனை அபூர்வம். விஷமுறிவு மருந்தைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். அதனால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். விஷம் ஏறாதவருக்கு அதைப் போட்டால் லாபம் இல்லை. ஆபத்து மட்டுமே மிச்சம். அதனால்தான் டாக்டர்கள் முதலில் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அதற்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. 2 மில்லி ரத்தத்தை எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் அந்த நேரத்துக்குக் கவலை இல்லை. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம், ஊசி தொடங்கும். கண் இமை தொங்குகிறதா, கழுத்தைத் தூக்க முடிகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று அடிக்கடி வந்து பார்ப்பதும் இதற்காகத்தான். ஒன்றும் தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். ‘நல்லாத்தான் இருக்கான்’ என்று நான்கு மணி நேரத்தில் அழைத்துவந்துவிடக் கூடாது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஊசியின் அளவு ஒன்றுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே!

இந்த மருந்தில் தமிழ்நாட்டு மண்ணின் பங்கு பெரியது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கு பாம்புகளின் விஷத்தைச் சேகரித்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுத்துவருகிறது. விஷத்தை எடுத்த பிறகு பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் உடம்பில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ‘இங்கிலீஷ் மருந்தா, நம்ம வைத்தியமா’ என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். பாம்பைப் பற்றிய பரம்பரை அறிவு ஊசிக்குள்ளேயே இருக்கிறது.

மருந்துக்கு எல்லையும் உண்டு. அது இந்த நான்கு பாம்புகளுக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் இருக்கும் குழிவிரியன் வகைகளின் விஷத்துக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. அங்கே கடிபட்டாலும் மருத்துவமனைதான் வழி. ரத்தக் கசிவையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

‘7 நாளில் சர்க்கரை குணம்’

பாம்புக்கடியில் தவறான தகவல் சில மணி நேரத்தில் தன் குணத்தைக் காட்டிவிடும். சர்க்கரை நோயில் சில வருடங்கள் ஆகும். அதனால்தான் சர்க்கரை வைத்தியம் செல்போனில் இவ்வளவு விற்கிறது.

நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2023ல் சொன்னது. இவ்வளவு பெரிய சந்தையை யார் விடுவார்கள்? பொடி, கஷாயம், செருப்பு, காப்பு என்று விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது. இப்போது பிரபலமான டாக்டர்களின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் போலியாக உருவாக்கி, அவர்களே மருந்தைச் சிபாரிசு செய்வது போல வீடியோ விடுகிறார்கள். தெரிந்த முகம் பேசுகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிட முடியாத காலம் இது.

பலருக்குத் தெரியாத சட்டம் ஒன்று இருக்கிறது. 1954ல் வந்த மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம். அதன் பட்டியலில் உள்ள 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். சர்க்கரை நோய், புற்றுநோய் இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆக, ‘சர்க்கரையை அடியோடு ஒழிக்கும்’ என்று ஒரு விளம்பரம் சொன்னால், மருந்தைப் பற்றி விசாரிக்கவே வேண்டாம். சட்டத்தை மீறித்தான் வியாபாரம் நடக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

சிறுகுறிஞ்சானைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். அதைப் பற்றி டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டால் பெரிய சிக்கல் இல்லை. சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டு, வயலில் வேலை செய்யும்போது சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழுவது ஓர் ஆபத்து. ‘இதைச் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்திவிடுங்கள்’ என்ற பேச்சை நம்புவது அதைவிடப் பெரிய ஆபத்து. அதிலும், சிறுவயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஊசியை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. இந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களிடம் ‘பாவம், பிள்ளைக்கு ஊசியா’ என்று கேட்டு, ஏதாவது ஒரு வீடியோவை அனுப்பும் உறவினர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். அது இன்னும் பயங்கரம்.

விவசாயிகளுக்கு முக்கியமான ஒரு விஷயம் அந்த வீடியோக்களில் வருவதே இல்லை. அது கால். சர்க்கரை கூடுதலாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். வெறும் காலோடு சேற்றில் இறங்குபவருக்கு முள் குத்தியதும், கரும்புச் சோகை கிழித்ததும் தெரியாது. தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும். தினமும் இரவு காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. கண் மங்கியவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லலாம்.

காய்ச்சல் என்றால் வேலையையும் சொல்ல வேண்டும்

களை எடுக்க, ஆடு மேய்க்க, விறகு பொறுக்கப் புதருக்குள் போகிறவர்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல், கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிறு பூச்சியின் கடியால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்புக் கயிற்றுக்குக் கீழே என்று மறைவான இடங்களில் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் கேட்கும் நோய் இது. ஒரு வாரம் கஷாயத்திலும் மெடிக்கல் ஷாப் மாத்திரையிலும் கழித்துவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். டாக்டரிடம் காய்ச்சலை மட்டும் சொன்னால் போதாது. புதரில் வேலை செய்ததையும், சேற்றுத் தண்ணீரில் நின்றதையும் சொல்ல வேண்டும். சேற்றில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம்.

ஒரு கிள்ளு உப்பு, ஒரு பிடி வெல்லம்

சரியான தகவலே மருந்தாக வேலை செய்த கதையும் உண்டு. 1971ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு குளுக்கோஸ் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே டம்ளரில் கொடுத்தார்கள். 30 சதவிகிதம் வரை இருந்த இறப்பு 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு 2023ல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் இன்னும் முக்கியம். 1980 முதல் வங்கதேசத்தில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் ஒரு கிள்ளு உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயின் கையாலேயே கலக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாய்க்கு நினைவிருக்கிறதா என்று கேட்பார். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ, அதற்குத் தகுந்தபடிதான் பணியாளருக்குச் சம்பளம். பத்து ஆண்டுகளில் 1.2 கோடி வீடுகளுக்கு மேல் போனார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் எண்ணும் இன்றைய வீடியோக்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

வீட்டில் கலப்பதற்கு இன்று சொல்லப்படும் அளவு, 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 6 தலைதட்டிய தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட் கிடைத்தால் அதுவே நல்லது. அதிலும் ஏமாற்று இருந்தது. ‘ஓஆர்எஸ்’ என்று பெயர் போட்ட டப்பாக்களில் சர்க்கரை அதிகமுள்ள பானங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு ஆண்டுகள் போராடிய பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

எங்கே கேட்பது?

தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்து உடல்நலச் சந்தேகங்களைத் தமிழிலேயே கேட்கலாம். மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’ செயலியில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்த்துப் பேசலாம், கட்டணம் இல்லை. மனம் சரியில்லாதபோது 14416. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 ஆகஸ்ட்டிலிருந்து வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் பணியாளரும், ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரும் எந்த வீடியோவையும்விட நம்பகமானவர்கள். தவறாகச் சொன்னால், அடுத்த வாரமும் அதே தெருவுக்குத்தான் அவர்கள் வர வேண்டும்!

வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். எழுதியவர் யார் என்பது அனுப்பியவருக்கே தெரியாது. யூடியூபில் பேசுபவர் டாக்டர் என்றால் அவருடைய பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பார்க்கலாம். கடைசியில் போன் நம்பர் கொடுத்து மருந்து விற்கிறாரா என்றும் கவனிக்க வேண்டும். நல்ல தகவலுக்கு ஓர் அடையாளம் உண்டு. எந்த அறிகுறி வந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை அது கட்டாயம் சொல்லும். ‘எல்லாருக்கும், எப்போதும், பக்க விளைவே இல்லாமல்’ என்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அரசையும் குறை சொல்லத்தான் வேண்டும். நல்ல தகவல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் இருப்பதும் படிக்கவே முடியாத அலுவலகத் தமிழில், செல்போனில் திறக்காத கோப்பாக இருக்கிறது. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும்படி இரண்டு நிமிடக் குரல் பதிவாகக் கொடுத்தால், அதுவும் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் வேகமாகப் போகும்.

வாசகர் கேள்விகள்

“சர்க்கரை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?”

கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். ஏற்கெனவே கிட்னி பாதித்தவர்களுக்குச் சில மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் செய்வார். உண்மையில் பயப்பட வேண்டியது, இடுப்புவலிக்கும் மூட்டுவலிக்கும் சீட்டு இல்லாமல் வாங்கித் தினமும் விழுங்கும் வலி மாத்திரைகளுக்கு. அவை கிட்னியைப் பாதிக்கும்.

“பூச்சிமருந்து அடித்த பிறகு தலைசுற்றி வாந்தி வந்தால் புளியைக் கரைத்துக் கொடுக்கலாமா?”

கூடாது. துணியைக் கழற்றிவிட்டு, உடம்பைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். உதவி செய்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. வாந்தி எடுக்கவைக்க முயற்சி செய்யக் கூடாது. மருந்து டப்பாவையோ அதோடு வந்த துண்டுச்சீட்டையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்று மருந்து என்ன என்பது அதில் அச்சிடப்பட்டிருக்கும்.

“வீட்டைச் சுற்றிப் பூண்டுக் கரைசல் தெளித்தால் பாம்பு வராது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?”

அதை நம்பித் தரையில் படுக்க முடியாது. பாம்பு வருவது எலிக்காக. தானியம் சிந்திக் கிடப்பது, வீட்டை ஒட்டி வைக்கோல், விறகு, செங்கல் அடுக்குவது போன்றவற்றைக் குறைத்தால் எலியும் குறையும், பாம்பும் குறையும். கட்டிலில் கொசுவலை கட்டி, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பது கட்டுவிரியனிடமிருந்து நல்ல பாதுகாப்பு. இரவில் வயலுக்குப் போகும்போது டார்ச் லைட்டும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் அவசியம். பூட்ஸைப் போடுவதற்கு முன் தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

“மாட்டைப் பாம்பு கடித்தால் மருந்து உண்டா?”

உண்டு. அதே விஷமுறிவு மருந்தைக் கால்நடை மருத்துவர்கள் மாடுகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். மேய்ச்சலுக்குப் போன மாடு திடீரென மூக்கு, கால் வீங்கி, நுரை தள்ளி, மூச்சு வாங்கினால் சூடு போடுவதையும் காதை அறுப்பதையும் விட்டுவிட்டு, 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். வண்டி வரும்வரை மாட்டை நிழலில் கட்டி, நடக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும்.